மூன்று சக்கரமும் முதல் ஓட்டுநரும்



ஐம்பத்தெட்டு வயதில் ஒருவன் முதன்முறையாக மோட்டார் சைக்கிள் வாங்க எண்ணுவது தகுமா என்று கடந்த சில மாதங்களாகப் பலரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களுள் என் துணைவியார் முதலாமவர். நான் வாங்க எண்ணியது மூன்று சக்கர வண்டி என்று தெரிந்ததும் அந்தக் கேள்வி அடங்கி, வேறொரு பேச்சு தொடங்கிற்று. "மூன்று சக்கரம் என்றால் விழாதே, பாஸ்டர். கார் ஓட்டத் தெரிந்தவருக்கு அதில் கற்க என்ன இருக்கிறது?" என்றார்கள். இந்தப் பேச்சைத்தான் இவ்வாரம் எடுத்துக்கொள்கிறேன். நானும் அதை முழுமனதோடு நம்பியிருந்தவன். அந்நம்பிக்கை பிழையானது என்பதை எனக்கு உணர்த்தியவர் அவ்வண்டியின் சொந்தக்காரர்.

யாழ்ப்பாணத்தில் என் இளமைக்காலம் மிதிவண்டியிலேயே கழிந்தது. பெற்றோல் கிடையாத ஆண்டுகளில் அயலவர்கள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அந்தப் புகையின் மணம் இன்னும் என் நாசியில் இருக்கிறது. ஆனால் ஓட்டக் கற்கும் வாய்ப்பு எனக்கு வாய்க்கவில்லை. கனடாவுக்கு வந்து பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியில் சென்றபின், சுப்பீரியர் ஏரியின் கரையோரமாகத் துணைவியோடு ஒரு நெடும்பயணம் போகவேண்டும் என்ற ஆவல் எழுந்தது. இடது முழங்கால் பழுதுபட்டவனாகையால், பாரமான இரு சக்கர வண்டியைச் சிக்னலில் தாங்கி நிற்க என்னால் இயலாது. இவ்வாறுதான் என் கண்கள் ஸ்பைடர் என்னும் வண்டியின்மேல் விழுந்தன.

அறியாதவர்களுக்காகச் சிறிது கூறுகிறேன். கான்-ஆம் ஸ்பைடர் என்பது கியூபெக்கின் வல்கூர் நகரில் வேர்கொண்ட பிஆர்பி நிறுவனத்தின் படைப்பு. பனியில் ஓடும் ஸ்கி-டூ வண்டியை 1959இல் உலகுக்குத் தந்த பொம்பார்டியர் பரம்பரையே அது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் ஒரு பட்டை என்ற அந்தப் பனிவண்டியின் அமைப்பைச் சாலைக்குக் கொண்டுவந்தாற்போல், ஸ்பைடருக்கு முன்னால் இரு சக்கரம், பின்னால் ஒன்று. 2007இல் அறிமுகமான அவ்வண்டியின் நெடும்பயண வடிவமான ஆர்டி, 2010ஆம் ஆண்டு மாதிரியாக வந்தது. 2014 மாதிரி முதல் அதற்கு 1330 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின். இரும்பும் பொதிபெட்டிகளுமாக நானூறு கிலோவுக்கு மேற்பட்ட எடை. புதிது வாங்கும் வசதி எனக்கில்லை. பாவித்த 2014 ஆர்டி ஒன்று பீற்றர்பரோவுக்கு அப்பால் ஒரு பண்ணை வீட்டில் விற்பனைக்கு இருப்பதாக விளம்பரம் கண்டு, மார்ச் மாதத்தில் மகனோடு புறப்பட்டேன்.

வண்டியின் சொந்தக்காரர் எழுபத்தாறு வயதானவர். இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபின் அதில் ஏறி அமர முடியாதவராயிருந்தார். களஞ்சியத்தில் கம்பளம் போர்த்தி வைத்திருந்த வண்டியை அவர் திறந்து காட்டியபோது, அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடவேண்டும் என்ற ஆசை எனக்கு. ஓடிய தூரம் முப்பத்தோராயிரம் கிலோமீற்றர் மட்டுமே. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அனுமதிப்பத்திரம் எடுத்து எத்தனை காலம் ஆகிறது?" இன்னும் எடுக்கவில்லை, வண்டியை வாங்கிவிட்டு எடுக்கலாம் என்றிருக்கிறேன் என்றேன். அவர் கம்பளத்தை மறுபடியும் போர்த்திவிட்டார். "கற்றுக்கொண்டு வாருங்கள். ஜூன் முடியும்வரை வேறொருவருக்கும் கொடுக்கமாட்டேன்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். விற்க வந்தவர் வாங்க வந்தவனை மறுப்பதா? ஆனால் இன்று அவர் பக்கமே நிற்கிறேன். முதன்முறை ஓட்டுநர் எவரும் கற்பதற்கு முன் வண்டியை வாங்கலாகாது என்பதே என் துணிபு. அதற்கு நான் கூறும் காரணம் சட்டம் மட்டுமன்று. கலிபோர்னியாவில் உள்ள என் மைத்துனர், மூன்று சக்கரத்துக்குக் கார் உரிமமே போதும் என்று சொல்லியிருந்தார். அது அம்மாநிலத்தின் சட்டம். ஒன்ராறியோவில் எம் வகுப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிப் பெறும் எம்1 தொண்ணூறு நாள் செல்லும். குறைந்தது அறுபது நாளாவது அதை வைத்திருக்கவேண்டும். அக்காலத்தில் இருட்டில் ஓட்டலாகாது, பின்னால் எவரையும் ஏற்றலாகாது, ஒரு துளி மதுவும் ஆகாது. மணிக்கு எண்பது கிலோமீற்றருக்கு மேல் அனுமதிக்கும் நெடுஞ்சாலைகள், விதிவிலக்கான சில தவிர, விலக்கப்பட்டவை. மார்ச்சில் அவ்வண்டியை நான் வாங்கியிருந்தால், சட்டப்படி 401இல் ஏறி வீடு வந்து சேர்ந்திருக்க முடியாது. ஆசையின் வேகத்தில் இதையொன்றும் நான் எண்ணவில்லை.

எனினும், சட்டத்தைவிடப் பெரிய காரணம் அந்த மூன்றாவது சக்கரமே. அது விழும் பயத்தை நீக்குகிறது. மற்றவை அனைத்தையும் அப்படியே விட்டுவைக்கிறது. இரு சக்கர வண்டி வளைவில் தானே சாய்ந்து ஓட்டுபவரையும் தன்னோடு சாய்த்துக்கொள்ளும். ஸ்பைடர் சாய்வதில்லை. வளைவில் அது நிமிர்ந்தே நிற்க, உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. முதன்முறை அமர்பவர் அஞ்சிக் கைப்பிடியை இறுகப் பற்றுகிறார். பற்றிய கையே வண்டியை அங்குமிங்கும் இழுக்கிறது. உடலை வளைவின் உட்புறமாகச் சாய்த்து, தோளைத் தளர்த்திக் கைப்பிடியைத் திருப்பக் கற்கவேண்டும். காரில் செய்வதுபோல் சாலைக்குழியை இரு சக்கரங்களுக்கும் நடுவில் விட்டுக் கடக்கவும் முடியாது. முன் சக்கரங்கள் தப்பிய குழியில் நடுவே வரும் பின் சக்கரம் விழும். கார்களிலிருந்து எண்ணெய் சொட்டுவதும் பாதையின் நடுவில்தான். மழை தூறத் தொடங்கும் வேளையில் அவ்விடமே வழுக்கும். அங்கேதான் நம் பின் சக்கரம் ஓடுகிறது.

இன்னொன்றையும் நேர்மையோடு சொல்லவேண்டும். முற்றிலும் புதியவருக்கு இவ்வண்டி சில வகைகளில் தயவுள்ளது. கையில் பிரேக் இல்லை. வலக்காலின் கீழுள்ள ஒரே மிதியே மூன்று சக்கரங்களையும் நிறுத்துகிறது. பல ஆண்டுகள் இரு சக்கரம் ஓட்டியவர்கள் அவசரத்தில் இல்லாத பிரேக்கை விரல்களால் தேடுவார்கள். கார் ஓட்டிப் பழகிய எனக்கு அந்த இடர் இல்லை. எஸ்ஈ6 என்னும் வகையில் கிளச்சும் இல்லை. இடக்கைப் பெருவிரலால் கியரை உயர்த்தினால் போதும், வேகம் குறையும்போது அதுவே இறக்கிக்கொள்ளும். பின்னோக்கிச் செல்லும் கியரும் உண்டு. "அது மோட்டார் சைக்கிளே அல்ல" என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுவே: அவர்களுடைய முழங்கால்கள் நெடுங்காலம் நலமாயிருக்கட்டும்.

வளைவில் வேகம் மிஞ்சி உட்சக்கரம் எழ முற்பட்டால், எஞ்சினின் வலுவைக் குறைத்துத் தேவையான சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் ஒரு மின்னணு ஏற்பாடும் அதில் இருக்கிறது. பயிற்சியின்போது அது முதன்முறை தலையிட்டபோது, வண்டிக்கு ஏதோ கோளாறு என்று நான் அலுத்துக்கொண்டேன். பயிற்றுநர் சிரித்தார். பிலேயாமின் கழுதை என் நினைவுக்கு வந்தது. ஏறியிருந்தவன் காணாததைக் கண்டு அது நின்றது. அவனோ அதை அடித்தான்.

ஜூன் முதல் வாரத்தில் எம்1 கிடைத்தது. ஒரு கல்லூரி நடத்தும் வாரயிறுதிப் பயிற்சியில் சேர்ந்தேன். சிறிய இரு சக்கர வண்டியில்தான் தொடக்கம். முதல் நாள் பிற்பகலிலேயே புல்தரையில் விழுந்தேன். என்னோடு கற்றவர்களில் இருபது வயதுப் பிள்ளைகளே அதிகம். அவர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். எங்கே பார்க்கிறோமோ அங்கேயே வண்டி செல்லும் என்பதை அந்தப் புல்தரைதான் எனக்குக் கற்பித்தது. பின்னர் மூன்று சக்கரத்துக்கென உள்ள வகுப்பிலும் ஒரு நாள் அமர்ந்தேன். அங்கே இரு சக்கரம் அறியாதவர்களும் வந்திருந்தார்கள். எவ்வழியில் கற்றாலும் சரி. வேறொருவருடைய வண்டியில், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, முதற்பிழைகளைச் செய்துவிடுவது நல்லது.

செலவைப் பற்றியும் கூறவேண்டும். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்று பிரசங்கித்தவன் நான். ஆனால் மார்ச்சில் நான் பார்த்தது வண்டியின் விலையை மட்டுமே. தனியாரிடம் வாங்கினாலும் பதின்மூன்று வீத வரி உண்டு. பன்னிரண்டாயிரம் டொலர் வண்டிக்கு அது 1,560 டொலர். பாதுகாப்புச் சான்றிதழ், தலைக்கவசம், மேலங்கி, கையுறை, கணுக்காலை மூடும் காலணி எல்லாம் சேர மேலும் ஆயிரத்தைத் தாண்டிற்று. நான் முதலில் அழைத்த காப்புறுதி நிறுவனம், அனுபவமற்றவருக்கு இவ்வளவு பெரிய எஞ்சினுக்குக் காப்புறுதி தரமாட்டோம் என்று சொல்லிவிட்டது. மற்றொன்று தந்த தொகையைக் கேட்டு என் துணைவியார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஓட்டுவதோ ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. ஆகையால் விலை பேசுமுன் காப்புறுதித் தொகையைக் கேட்டு அறியுங்கள். அதைக் கேட்க ஒரு சதமும் செலவில்லை.

ஜூன் இறுதியில் மீண்டும் அந்தப் பண்ணைக்குப் போனோம். ஒன்ராறியோவில் தனியாக விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்கவேண்டிய பாவித்த வாகனத் தகவல் தொகுப்பை இருபது டொலர் கொடுத்து முன்னரே எடுத்து வைத்திருந்தார். வண்டியின்மேல் கடன் ஏதும் நிலுவையில் இல்லை என்பதை அதில் பார்த்துக்கொண்டேன். இம்முறை நான் கம்பளத்தையும் பளபளப்பையும் பார்க்காமல் டயரைப் பார்த்தேன். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பவை. முன் டயர்களில் 3813 என்றிருந்தது. 2013ஆம் ஆண்டின் 38ஆம் வாரம்! தேயாத பள்ளங்களோடு புதியவைபோல் தோன்றிய அவை, வண்டியோடு பிறந்து பத்து ஆண்டைத் தாண்டியவை. குறைந்த தூரம் ஓடிய வண்டியே நல்ல வண்டி என்று எண்ணுகிறோம். நின்ற வண்டிக்கும் மூப்பு வரும். டயர் இறுகும், பற்றரி சாகும், காற்று வடிகட்டிக்குள் எலி கூடு கட்டும். பின் சக்கரத்தை இழுக்கும் பெல்ட்டின் பற்களை விளக்கொளியில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம், குறையில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கச் சொன்னோம். சூடேற்றி வைத்திருக்கும் எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும் என்று பயிற்சியில் ஒருவர் சொல்லியிருந்தார்.

அவர் கேட்டது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. "இந்த டயரைக் காட்டி ஆயிரத்து ஐந்நூறாவது குறையுங்கள், அப்பா" என்று மகன் காதோடு சொன்னான். வாங்கும்போது பொருளைக் குறைகூறிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்பவனைப் பற்றி நீதிமொழிகள் சொல்வது நமக்குத் தெரியும். நான் நல்லவனாக நடந்துகொண்டேன் என்று சொல்ல வரவில்லை; வாயைத் திறக்கத்தான் இருந்தேன். அதற்குள் அவரே, "முன் டயர் இரண்டும் மாற்றவேண்டும். உங்களுக்கு அது தெரியுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று சொல்லி, ஐந்நூறு குறைத்தார். மார்ச்சில் என்னை அவர் ஏன் திருப்பியனுப்பினார் என்று அப்போதுதான் கேட்டேன். தன் நண்பர் ஒருவர் வண்டி வாங்கிய முதல் வாரத்தில், வளைவில் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி எதிர்ப்பாதைக்குள் போய்விட்டார் என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பண்ணையின் நீண்ட வாயிற்பாதையில் இரண்டு முறை போய்வர விட்டார். இரண்டாம் முறை திரும்பி வருகையில் அவர் கைத்தடியை உயர்த்தித் தோளைத் தட்டிக் காட்டினார்: தளர்த்து என்பது அதன் பொருள். வண்டி அவருடைய அயலவரின் ட்ரெய்லரில் ஏறி ஸ்காபரோவுக்கு வந்தது. எங்கள் இருவரின் முதற்பயணத்தில் நான் அதன்மேல் அமரவில்லை. பின்னால் காரில் தொடர்ந்து வந்தேன்.

இப்போது டயர்கள் மாற்றப்பட்டு, காலைவேளைகளில் எங்கள் தெருக்களிலும் ஓய்வுநாளில் வெறுமையாயிருக்கும் ஒரு பாடசாலை வாகனத் தரிப்பிடத்திலும் ஓட்டிப் பழகுகிறேன். எம்2 தேர்வு ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில். அதுவரை பின் இருக்கையில் எவரும் அமரலாகாது. துணைவியார் தமக்கென ஒரு தலைக்கவசம் வாங்கி வைத்திருக்கிறார். பெட்டியை இன்னும் திறக்கவில்லை.