குடிநோய் சிகிச்சை: சட்டம் தரும் உரிமை

எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிக் குடும்பங்கள் சில, நகையை அடகு வைத்துத் தனியார் மறுவாழ்வு இல்லங்களில் பணம் கட்டிய பின்னரே அரசு மருத்துவமனைக்கு வருகின்றன. இது தேவையற்ற கடன்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது, போதைப்பொருள் பயன்பாட்டுடன் தொடர்புடைய மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. அதன் 18ஆம் பிரிவின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், அதற்குரிய அட்டை இல்லாவிடினும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். அரசு போதிய வசதிகள் செய்து தரவேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. ஆனால் ஒதுக்கவேண்டிய தொகையைக் குறிப்பிடவில்லை. சட்டத்தின் வலுவற்ற இடம் அதுவே. எனினும், அட்டை இல்லை என்பதற்காக எவரும் தயங்க வேண்டியதில்லை.

இராயபுரம் பகுதியினருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு அருகிலேயே உள்ளது. தொலைபேசி வழி ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, இதற்கும் கட்டணமில்லை.