வளையலும் வருஷ உயர்வும்

கூடலூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கமும் மழை. தேவாலாப் பக்கம் ஆடி மாதத்தில் குடை பிடிப்பது வெறும் மரியாதைக்குத்தானாம். மூன்றாம் பக்கத்தில் யானை ஒன்று வந்து பஸ்ஸை மறித்த கதை. நான்காம் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருகிறார்.

“2014-ல் இடைநிலை ஆசிரியையாக வேலைக்கு வந்தேன். தபால் மூலம் பி.ஏ. முடித்துவிட்டேன். எம்.ஏ.யும் படித்தால் இரண்டு இன்கிரிமெண்ட் உண்டு என்று எங்கள் பள்ளிக்கூடத்து மூத்த டீச்சர் சொல்கிறார்கள். வளையலை அடகு வைத்துப் பணம் கட்டலாமா? மாமியார் கூடாது என்கிறார்கள். வீட்டுக்காரர் உங்களைக் கேட்கச் சொன்னார்.”

மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே தலையை நீட்டி நல்ல பெயர் வாங்கியவர் யாரும் இல்லை. ஆனால் இது வெறும் கணக்கு விஷயம். ஆசிரியை உத்தியோகத்துக்கு ஆசைப்படும் பெண்கள் இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் நிறைய இருக்கிறார்கள். ஆகவே சகோதரியின் அனுமதியுடன் எல்லோருக்குமாகவே போட்டுப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம், 2017-ல் வந்த ஊதிய விதிகளின்படி, 20,600 ரூபாய். வருஷத்துக்கு ஒரு முறை நூற்றுக்கு மூன்று வீதம் ஏறும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு முதல் தேதிகளில் உங்களுக்கு உரியது எதுவோ அன்று. முதல் வருஷம் ஏறுவது அறுநூறு ரூபாய்தான். “இவ்வளவுதானா?” என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் தாய்ப்பசு மாதிரி. அகவிலைப்படி அதன் கன்று. தாய் வளர்ந்தால் கன்றும் வளரும். பத்து வருஷம் பொறுத்தால் 20,600 என்பது சுமார் 27,700 ஆகிவிடும். ஒரே பதவியில் பத்து வருஷம் முடித்தால் தேர்வு நிலை, இருபது வருஷம் முடித்தால் சிறப்பு நிலை என்று கூடுதல் உயர்வும் உண்டு. நீலகிரிக்காரர்களுக்கு மலைப்படியும் குளிர்காலப்படியும் தனி. கம்பளி வாங்குகிறவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு தூரம் போகும் என்று!

இதெல்லாம் அனுபவத்துக்குக் கிடைப்பது. படிப்புக்கு?

மூத்த டீச்சர் சொன்னது பொய்யல்ல; பழைய உண்மை. 1969-ல் பிறந்த ஏற்பாடு அது. பதவிக்கு வேண்டியதற்கு மேல் ஒரு பட்டம் வாங்கினால் இரண்டு இன்கிரிமெண்ட். உத்தியோக காலத்தில் இரண்டு தடவை, ஆக நான்கு. ராத்திரி குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு எம்.ஏ., எம்.எட். படித்த எத்தனையோ ஆசிரியைகளுக்கு அந்த நான்கும் ஆயுள் வருமானமாக இருந்தன. ஆனால் 10.3.2020 தேதியிட்ட அரசாணை அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது. பிறகு 2021-ல் அரசு ஊழியருக்கு ஒரே தடவை ஒரு தொகை கொடுக்கும் ஏற்பாடு வந்தது. மாதா மாதம் வருவதும் ஒரு தடவை வருவதும் ஒன்றாகுமா? தீபாவளி இனாமை யாரும் சம்பளம் என்று சொல்வதில்லை.

ஆகவே சகோதரியே, எம்.ஏ.க்காக வளையலை அடகு வைக்க வேண்டாம். மாமியார் ஜெயித்தார். ஆனால் பாதிதான் ஜெயித்தார்!

பட்டதாரி ஆசிரியைக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? 36,400. இடைநிலைக்கும் அதற்கும் 15,800 ரூபாய் வித்தியாசம். முதுநிலைப் பட்டதாரி ஆசிரியைக்கோ 36,900. அதாவது பட்டதாரிக்கும் முதுநிலைக்கும் ஆரம்பத்தில் ஐந்நூறு ரூபாய்தான் இடைவெளி. ஏணியில் ஒரு படி ஆளுயரம், அடுத்த படி விரற்கடை. அந்த ஆளுயரப் படியில் ஏறுவதற்கு எம்.ஏ. உதவாது. பி.ஏ.யுடன் பி.எட். வேண்டும், ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளும் வேண்டும். 2014-ல் வந்தவர் முதல் தாளை முடித்திருப்பார், இது வேறு. உச்ச நீதிமன்றம் 1.9.2025 அன்று சொன்ன தீர்ப்பில், பதவி உயர்வு கேட்கிறவர்களுக்குத் தகுதித் தேர்வு கட்டாயம் என்று ஆகிவிட்டது. ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் பழைய ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டுமாம். இருபது வருஷம் அ, ஆ சொல்லிக் கொடுத்தவர்கள் ஹால் டிக்கெட் வாங்கப் போக வேண்டும். அவர்கள் முகத்தை நினைத்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது.

வேலையில் இருக்கும் இடைநிலை ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டு வருஷ பி.எட். நடத்துகிறது. பணம் கட்டுவதற்கு முன் துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காமல் படித்துவிட்டு அலைந்தவர்கள் உண்டு.

இன்னொரு விஷயம், சொன்னால் வயிறு எரியும். சகோதரியும் அந்த மூத்த டீச்சரும் ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. ஆனால் 31.5.2009 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை 8,370. மறுநாள் முதல் சேர்ந்தவர்களுக்கு 5,200. ஒரு ராத்திரி வித்தியாசத்தில் 3,170 ரூபாய் பள்ளம். பிறகு ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கியபோது பள்ளமும் சேர்ந்து பெருகி எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. சென்னையில் இதற்காக உண்ணாவிரதம் இருந்தவர்களில் கைக்குழந்தைக்காரிகளும் உண்டு. சதவீதம் என்பது பிறவிக் குறையையும் வளர்க்கும்.

அமெரிக்காவில் முன்பு ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளுக்கு உயர்நிலைப் பள்ளிக்காரர்களைவிடக் குறைந்த சம்பளம். ஆரம்பப் பள்ளியில் பெரும்பாலும் பெண்கள், காரணம் புரிகிறதல்லவா? 1921-ல் டென்வர், டெமாய்ன் என்ற இரண்டு ஊர்களில், எந்த வகுப்பு என்று பாராமல் அனுபவத்தையும் படிப்பையும் மட்டும் பார்த்துச் சம்பளம் என்று மாற்றினார்கள். நம் ஏணி இன்னும் வகுப்பைப் பார்க்கிறது. கூடலூரில் ஒன்றாம் வகுப்பு எடுத்துப் பார்த்தவர்கள் அதை ஒப்புவார்களோ? தமிழ் பேசும் பிள்ளை, மலையாளம் பேசும் பிள்ளை, பணியர் வீட்டுப் பிள்ளை, இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பத்துப் பேரப்பிள்ளை, எல்லோரும் ஒரே பெஞ்சியில். அங்கே ‘அ’ சொல்லிக் கொடுக்க எந்த எம்.ஏ. போதும்?

பி.எட்.டுக்கு வளையல் போகலாமா என்பதை மாமியாரோடு உட்கார்ந்து பேசுங்கள். 15,800-ஐ ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். பதவி உயர்வு காலியிடத்தைப் பொறுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அது சரி, அந்த யானை கடைசியில் பஸ்ஸை விட்டதா இல்லையா? அதை எழுதாமலே விட்டுவிட்டீர்களே!