பருத்திக்கு வளர்ச்சி மருந்து

பருத்தி இயல்பில் பல்லாண்டு வாழும் செடியாகையால், காய் பிடித்த பின்னும் கிளைப்பதை நிறுத்துவதில்லை; மழையும் தழைச்சத்தும் மிகுந்துவிட்டாலோ, இடுப்பளவில் நிற்க வேண்டியது தோளளவு ஓங்கி, வெயில் புகாத அதன் நிழலில் அடிக்கிளைச் சப்பைகள், அதாவது பூமொட்டுகள், மூன்று புறவிதழ்களையும் விரித்து மஞ்சளித்துத் தொட்ட மாத்திரத்தில் உதிர்ந்துவிடுகின்றன. இவ்வுதிர்வை ஆராய்ந்த கலிபோர்னிய விஞ்ஞானிகள் 1963-ல் இளம் பருத்திக் காய்களிலிருந்தே பிரித்தெடுத்த பொருள்தான், இன்று தாவர சாஸ்திரம் முழுவதும் பேசப்படும் அப்சிசிக் அமிலம்.

சப்பை உதிர்வதைத் தடுக்க நாப்தலீன் அசிட்டிக் அமிலத்தை லிட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம், விதைத்த 60-ஆம் நாளிலும் 90-ஆம் நாளிலும் தெளிக்குமாறு நம் வேளாண் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்கிறது. மெபிகுவாட் குளோரைடின் காரியம் வேறு. செடியை நீளச் செய்யும் ஜிப்பரெலின் உற்பத்தியை அது தடுப்பதால் கணுவிடை குறுகி, இலை தடித்துக் கரும்பச்சையாகி, நெருக்கி நட்ட வயலிலும் காற்றும் ஒளியும் உட்புகுகின்றன. இவ்விரண்டையும் உரக்கடையில் ‘டானிக்’ என்று சொல்லி வாங்கி, உரத்தைப் போலப் பாவித்துத் தெளிப்பதே என்னை வருத்தும் விஷயம். இவை செடிக்கு ஆகாரம் அல்ல. இருக்கும் சக்தி எங்கே செல்ல வேண்டுமென்று திசை திருப்புபவை மட்டுமே. ஓங்கி வளரும் இறவைப் பருத்தியில் பிரயோஜனம் தரும் மெபிகுவாட், ஈரமின்றி ஏற்கெனவே குன்றி நிற்கும் மானாவாரிக் கரிசல் பருத்தியில் பட்டால், மகசூலைக் குறைத்து விவசாயியின் பணத்தையும் விழுங்கிவிடும்.

நாள்கணக்கை மட்டும் நம்பாமல், கொழுந்திலிருந்து கீழ்நோக்கி எண்ணி, நான்காம் ஐந்தாம் கணுக்களின் இடைவெளியை அளந்து, அது நீண்டிருந்தால் மட்டுமே அமெரிக்க விவசாயிகள் பலர் மெபிகுவாட்டைப் பிரயோகிக்கிறார்கள். ஓர் அளவுகோலும் சிறிது பொறுமையும் போதும். ஆள் கிடைக்கும் இடத்தில், பதினைந்தாம் கணுவுக்கு மேல் நுனியைக் கிள்ளிவிடும் முறை செலவு குறைந்ததென்பதும் என் அபிப்பிராயம்.

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியது மானிய விலையில் புட்டிகளை வழங்குவதன்று. மருந்தின் அளவையும், தெளிக்கக் கூடாத நிலையையும் புட்டியின் மேல் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிடச் செய்வதும், சப்பை வைக்கும் பருவத்தில் விரிவாக்க அலுவலர்கள் வயலுக்கே சென்று கணுவிடை அளக்கவும் மருந்து கலக்கவும் கற்பிப்பதும் அத்தியாவசியம். மாசிப்பட்ட இறவைப் பருத்தியிலேயே இதைத் தொடங்கலாம்.