ஆசைப்பட்டவன் ஆளக் கூடாதா?

‘பொன்னியின் செல்வ’னில் கல்கி காட்டிய பெரிய துணிச்சல் நந்தினி அல்ல; மதுராந்தகனை இரண்டு ஆளாக்கியதுதான். 1950 முதல் 1954 வரை அந்தத் தொடரை வாராவாரம் படித்தவர்கள் சந்தித்த மதுராந்தகன், பழுவேட்டரையரின் மூடுபல்லக்கில் ஒளிந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறவன். அரியணைக்கு ஆலாய்ப் பறக்கிறவன். வரலாற்றில் சுந்தர சோழனுக்குப் பிறகு முடிசூடியது மதுராந்தகன் என்கிற உத்தம சோழன்தான்; ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆண்டிருக்கிறான். இதைக் கல்கியால் மாற்ற முடியாது. எனவே ஆளை மாற்றினார். பிறந்தபோதே குழந்தை மாறிவிட்டது என்றும், கோயிலுக்குப் பூமாலை கட்டித் தரும் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மைப் பிள்ளை என்றும் கதை திரும்பியது. ஆசைப்பட்டவன் ஓடிப்போனான். ஆசையே இல்லாதவன் தலையில், சுந்தர சோழனின் இளைய மகனும் பின்னாளைய இராஜராஜனுமான அருள்மொழிவர்மன் கிரீடத்தை வைத்தான். அந்த ஐந்தாம் பாகத்தின் பெயர் ‘தியாகச் சிகரம்’.

கதைக்கட்டு அபாரம்தான். ஆனால், அதற்கு அடியில் ஒரு தயக்கம் இருக்கிறது. பதவிக்கு ஆசைப்பட்ட ஒருவன் பதவிக்கு வந்து, பெரிய குறை சொல்ல முடியாதபடி ஆண்டுவிட்டும் போனான் என்பதை வாசகரிடம் சொல்லத் தயங்குகிறது கதை. பேராசை ஒருவனிடமும் பெருந்தன்மை இன்னொருவனிடமும் இருந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

மதுராந்தகனின் ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவன் தந்தை கண்டராதித்தன் சோழ அரசன். அவர் இறந்தபோது பிள்ளை சிறுவன் என்பதால் பட்டம் தம்பி அரிஞ்சயனுக்குப் போனது. பிறகு அரிஞ்சயன் மகன் சுந்தர சோழனுக்கு. சுந்தர சோழன் தன் மூத்த மகன் ஆதித்த கரிகாலனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிய பிறகு, அரசுரிமை அந்தக் கிளையோடு தங்கிவிட்டது. தந்தையின் சிம்மாசனத்தைக் கேட்ட மகனை எதில் சேர்ப்பது, உரிமைக்காரர் வரிசையிலா, பேராசைக்காரர் வரிசையிலா? எழுதுகிறவர் யார் வீட்டுச் சோறு சாப்பிடுகிறார் என்பதைப் பொறுத்தது அது.

இராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இந்த நிகழ்ச்சியைச் சொல்லும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆதித்தன் இறந்த பிறகு மக்கள் அருள்மொழியை அரசேற்க வேண்டினார்களாம். சிற்றப்பனுக்கு நாட்டின் மீது ஆசை இருக்கும்வரை தான் மனத்தாலும் அதை விரும்புவதில்லை என்று அவன் ஒதுங்கிக்கொண்டானாம். ஒரே வாக்கியத்தில் ஒருவருக்கு ஆசையும் இன்னொருவருக்குத் தியாகமும் பங்கு போட்டுத் தரப்பட்டுவிட்டன. எழுதச் சொன்னவர் அருள்மொழியின் மகன். உத்தமனுக்குப் பின் அருள்மொழிக்கே பட்டம் என்ற ஏற்பாட்டையும் அதே செப்பேடு சொல்கிறது. என் கண்ணுக்கு இது தியாகத்தைவிட ஒப்பந்தமாகவே தெரிகிறது. ஒப்பந்தம் கெட்ட சொல் அல்ல. இரண்டு கிளைகளும் வாளை உருவாமல் ஒரு தலைமுறையைக் கடத்தியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நடுவில் கிடக்கிறது ஒரு பிணம், ஆதித்த கரிகாலனுடையது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, இராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரையும் அவர்கள் உறவினர்களையும் குறிப்பிட்டு, அவர்களுடைய உடைமைகள் பறிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. கல்கியின் இரவிதாசன் காட்டிலும் பள்ளிப்படையிலும் நள்ளிரவில் கூடுகிற, பாண்டியனுக்காகப் பழிவாங்கும் ஆபத்துதவி. கல்வெட்டின் பரமேசுவரனோ ‘இருமுடிச்சோழ பிரமாதிராஜன்’ என்ற பட்டம் உடையவன். சோழப் பெயர் தாங்கிய பட்டம்! சதி காட்டில் பிறந்திருக்கலாம். அலுவலகத்திலும் அதற்கு இருக்கை இருந்திருக்கிறது.

நீலகண்ட சாஸ்திரி உத்தமன்மீது சந்தேகம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்து எந்த நீதிமன்றமும் உத்தமனுக்குத் தண்டனை தராது என்பதே என் கருத்து. கொலையால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டு அவனை நோக்கி விரல் நீட்டுகிறவர்கள், கேள்வியை இன்னும் 15 ஆண்டுகள் தள்ளிக் கேட்பது அரிது. கேட்டால் விரல் வேறு பக்கம் திரும்பும்; அந்தப் பக்கம் தஞ்சைப் பெரிய கோயில் நிற்கிறது. இராஜராஜன்மீது பழி போட எனக்கும் சான்று இல்லை. ஆதாயம் என்ற அளவுகோலை ஒருவருக்கு மட்டும் பிடிப்பதைத்தான் சொல்கிறேன்.

பேராசைக்காரன் என்று சொல்லப்பட்டவனின் ஆட்சி எப்படி இருந்தது? தெளிவாக அடையாளம் காணப்பட்ட சோழ நாணயங்களில் காலத்தால் முந்தியது உத்தம சோழன் பெயர் பொறித்த பொற்காசு. காஞ்சிபுரத்துக் கோயில் நிர்வாகத்தை நுணுக்கமாக வரையறுக்கும் அவனது செப்பேடு சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவன் தாய் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கிய காலமும் இதுதான். ஆசையே இல்லாதவன் எனப்பட்ட அருள்மொழியோ 985-இல் பட்டமேறிய பிறகு பாண்டிய நாட்டையும் சேர நாட்டையும் வென்றான். படை அனுப்பி இலங்கையின் வடபகுதியையும் பிடித்தான். அநுராதபுரம் அழிந்தது. சிற்றப்பனின் நாட்டை மனத்தாலும் விரும்பாதவனுக்கு மற்றவர்களின் நாடுகள் விஷயத்தில் அந்தக் கூச்சம் இருக்கவில்லை.

ஆசைப்பட்டவனின் ஆட்சியை மறைத்துவிடும் இந்த வேலையை ஷேக்ஸ்பியரும் செய்திருக்கிறார். ஸ்காட்லாந்தை 1040 முதல் 1057 வரை ஆண்டவர் மெக்பெத். 1050-இல் ரோமுக்குப் புனித யாத்திரை போகும் அளவுக்கு நாடு அமைதியாக இருந்தது. நாடகத்தில் அந்த 17 ஆண்டுகள் காணாமல் போய், கையில் இரத்தம் காயாத கொலைகாரன் மிஞ்சினான். அப்போது இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ், நாடகத்தில் மெக்பெத்தால் கொல்லப்படும் பாங்கோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டவர்.

2023-இல் மணிரத்னத்தின் படம் ஆள்மாற்றத்தைக் கைவிட்டு, ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே முடிசூட்டியது. நாவலை மாற்றிவிட்டார்களே என்று வருந்தினார்கள் கல்கியின் வாசகர்கள். அந்த ஓரிடத்தில் படம் நாவலைவிட வரலாற்றுக்குப் பக்கத்தில் போயிற்று. ‘எனக்குப் பதவி ஆசை இல்லை’ என்று சொல்லிக்கொண்டே வேட்புமனுத் தாக்கல் செய்கிற தலைவர்களுக்குக் கைதட்டிப் பழகிய நமக்கு அது ருசிக்காததில் வியப்பில்லை. ஆசை உண்டு என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், எதற்காக, எவ்வளவு காலம், யார் கணக்குக் கேட்பது என்று அவரிடம் பேசலாம். தியாகியிடம் கணக்குக் கேட்பது எப்படி?

இந்தக் கதையில் இன்னொருவன் இருக்கிறான். மதுராந்தகன் கண்டராதித்தன். உத்தம சோழனின் மகன் என்று ஆய்வாளர்கள் கருதும் அவன், இராஜராஜனின் ஆட்சியில் கோயில் விவகாரங்களை விசாரிக்கும் அதிகாரியாக வேலை பார்த்தான். தந்தையின் அரியணை அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆசைப்பட்டானா, விட்டுக்கொடுத்தானா என்று எழுதி வைக்க அவனிடம் அரசவைப் புலவர் யாரும் இல்லை.