பிள்ளை பார்க்க ஆள் வைக்கலாமா?

நம்மில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் இன்று ஆசிரியர்களாக, செவிலியர்களாக, வங்கி ஊழியர்களாக இருக்கிறார்கள். குழந்தை பிறந்து பேறுகால விடுப்பு முடிகிற நேரத்தில் அவர்கள் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமா? "அது சுரண்டல் ஆகாதா?" என்று தயங்குகிற தோழர்கள் உண்டு. "சம்பளம் கொடுக்கிறோமே, அப்புறம் என்ன?" என்பவர்களும் உண்டு. வருகிற ஆள் யார், அவள் எதை விட்டுவிட்டு வருகிறாள் என்று இரு தரப்புமே கேட்பதில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் இருக்க முடியாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கக் கிராமங்களில் காலையில் ஆலை வேன் வந்ததும் பெண்கள் ஏறிப் போகிறார்கள். அவர்களில் கணிசமானவர்கள் தலித் பெண்கள். கைக்குழந்தையை யார் பார்ப்பது? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லையென்றால் பெரிய பொண்ணு. அங்கன்வாடியில் 2 வயது முடிந்த பிள்ளையைத்தான் சேர்க்கிறார்கள். அந்த 2 வயது வரைக்குமான வேலை அக்காவின் இடுப்பில்தான் ஏறுகிறது.

1980களில் இந்தப் பிள்ளைகளே ஆலைகளில் குச்சி அடுக்கினார்கள், திரி வைத்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், எம்.சி.மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. ஆனால் தம்பியைப் பார்க்கப் பள்ளிக்கு லீவு போடுகிற சிறுமி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு 'உதவுவதை' அனுமதிக்கிறது. பள்ளி நேரம் எங்கே முடிந்தது, உதவி எங்கே தொடங்கியது என்று யார் அளப்பது?

இன்னொன்றையும் கவனியுங்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை. 14 முதல் 18 வரை உள்ளவர்களை வெடிமருந்துத் தொழிலில் சேர்க்கக் கூடாது. ஆனால் வீட்டு வேலை அந்த ஆபத்துப் பட்டியலில் இல்லை. பட்டாசு ஆலைக்குள் நுழையக் கூடாத 15 வயதுப் பெண்ணை, நகரத்தில் ஒரு வீட்டில் பிள்ளை தூக்க அனுப்பினால் மத்தியச் சட்டம் தடுக்காது. சமையலுக்கு ஆள் தேடும்போது சாதி கேட்கிற வீடு, பீத்துணி அலச ஆள் தேடும்போது கேட்பதில்லை.

"எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி பார்த்துக்கிறோம்" என்பார்கள். ஐரோப்பாவில் 'ஓ பேர்' என்றொரு முறை உண்டு. வெளிநாட்டு இளைஞர் ஒருவர் ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே மொழியும் படிப்பார். அங்கேயும் 'குடும்பத்தில் ஒருவர்' என்றுதான் பேச்சு. ஆனால் 1969இல் ஐரோப்பிய நாடுகள் செய்த ஒப்பந்தம் அதை வாய்ப்பேச்சாக விடவில்லை: நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, எல்லாம் எழுத்தில். நம் வீடுகளில் 'வீட்டுப் பொண்ணு' என்ற சொல் மட்டும் இருக்கிறது, எழுத்து இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான 2011ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையை, 189ஆம் எண், இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

ஆகவே என் பதில்: வைக்கலாம், ஆனால் எல்லோரையும் அல்ல, எப்படி வேண்டுமானாலும் அல்ல. 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது. வேலை நேரமும் வார விடுமுறையும் எழுத்தில் இருக்க வேண்டும். 2007இல் தொடங்கிய வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் அவரைப் பதிவு செய்ய உதவுங்கள். நீங்கள் குடிக்கிற டம்ளரில்தான் அவரும் குடிக்க வேண்டும். அவருக்குச் சிறு பிள்ளை இருந்தால் அது யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள். பள்ளியை விட்ட அக்காவிடம் என்றால், உங்கள் ஏற்பாட்டை மாற்றுங்கள்: நேரத்தைக் குறையுங்கள், அல்லது அந்தப் பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லுங்கள்.

வேன் ஏறிப் போகும் தாய்க்கோ இப்படி ஆள் வைக்கிற வசதியே இல்லை. அவளுக்குக் காப்பகம் வேண்டும். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், பெண்ணின் உழைப்பால் லாபம் பெறுகிறவருக்கு இந்தச் செலவில் பொறுப்பு உண்டு என்று வாதிட்டார். 1948 தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017 பேறுகாலச் சட்டத் திருத்தம் 50 ஊழியர் என்று கணக்கு வைத்தது. 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 50 என்கின்றன. உள்குத்தகையாகப் பிரித்துவிட்ட ஷெட்டுகளில் தலைக்கணக்கு அந்த 50ஐத் தொடுவதே இல்லை.

வெடிமருந்து இருக்கிற வளாகத்துக்குள் எந்தத் தாயும் பிள்ளையைக் கொண்டுபோக மாட்டாள், கொண்டுபோகவும் கூடாது. 2017 திருத்தம் பொதுவான காப்பக வசதிக்கும் இடம் தந்தது. முதலாளிகள் சேர்ந்து செலவைக் கொடுக்கட்டும், காப்பகம் ஊருக்குள் இருக்கட்டும். 2022 முதல் 'பால்னா' திட்டத்தில் 6 மாதக் குழந்தையிலிருந்தே சேர்க்கும் அங்கன்வாடிக் காப்பகங்களுக்கு வழி இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். விருதுநகர் மாவட்டத்தில் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகள் எத்தனை? அவற்றில் எத்தனைக்குக் காப்பகம் உண்டு? அந்தக் காப்பகங்களில் இன்று எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? வருகிற பதிலை அடுத்த கிராம சபையில், அந்தத் தாய்மாரின் முன்னால் சத்தமாக வாசியுங்கள்.