பெயர் சொல்லாத பாவ அறிக்கை

கிறித்தவம் மன்னிப்பைச் சல்லிசாக விற்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. சனிக்கிழமை வரை செய்வதையெல்லாம் செய்துவிட்டு ஞாயிறு காலை முழங்காலிட்டு எழுந்தால் கணக்குத் தீர்ந்துவிடுகிறதே, பிறகு எவன் திருந்துவான் என்று கேட்பவர்கள் ஆலயத்துக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பழி விழ வேண்டிய இடம் வேறு. மன்னிப்பை விலை கொடுத்து வாங்க முடியாது என்பது கிறித்தவப் போதனையின் மையம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒழுக்க விதிகள்தான். கோளாறு மன்னிப்புக்கு முந்தைய படியில், பாவ அறிக்கையில் இருக்கிறது. 'நாங்கள் எல்லாரும் பாவிகள்' என்று சபை முழுக்க ஒரே குரலில் சொல்லும்போது யார், யாருக்கு, என்ன செய்தார் என்பது காணாமல் போய்விடுகிறது. சக மனிதனுக்கு இழைத்த தீங்கை இப்படிப் பொத்தாம் பொதுவாக ஒப்புக்கொள்வதை வேதாகமமே ஏற்பதாகத் தெரியவில்லை.

எண்ணாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒருவன் இன்னொருவனுக்குக் கேடு செய்திருந்தால், செய்ததை வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலைத் திருப்பித் தர வேண்டும். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து, பாதிக்கப்பட்டவனின் கையிலேயே தர வேண்டும். அவன் இறந்து, வாங்கிக்கொள்ள உறவினனும் இல்லாதபோதுதான் அது ஆசாரியனிடம் போகும். பாவ அறிக்கையும் ஈடும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. தாவீது ராஜாவின் கதையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் திட்டமிட்டுச் சாகவிட்டவர் தாவீது. நாத்தான் தீர்க்கதரிசி வந்து, பணக்காரன் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து வைத்த கதையைச் சொல்ல, கொதித்துப் போன ராஜா நாலு மடங்கு திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளிக்கிறார். அந்தப் பணக்காரன் தான்தான் என்று பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. ஒப்புக்கொண்ட உடனே மன்னிப்பு கிடைக்கிறது. ஆனால் பட்டயம் அவர் வீட்டைவிட்டு நீங்கவில்லை. மன்னிப்பு, நடந்ததை நடக்காததாக ஆக்கிவிடவில்லை.

இந்த நிகழ்ச்சியை ஒட்டியது என்று தலைப்பே சொல்லும் 51ஆம் சங்கீதத்தில் ஓர் உறுத்தல் இருக்கிறது. அங்கே தாவீது கடவுளுக்கு விரோதமாக மட்டுமே பாவம் செய்ததாகச் சொல்கிறார். அப்படியானால் உரியா எங்கே போனார்? எல்லாப் பாவமும் முடிவில் கடவுளுக்கு எதிரானதே என்று இறையியலாளர்கள் விளக்குவார்கள். விளக்கம் தவறில்லை. ஆனால் அதைப் புறவாசலாக்கி, பாதிக்கப்பட்டவனின் முகத்தைப் பாராமலே நழுவியவர்களுக்கு வரலாற்றில் குறைவில்லை. லூக்கா சுவிசேஷத்தில் மார்பில் அடித்துக்கொண்டு தன்னைப் பாவி என்று மட்டும் சொன்ன ஆயக்காரன் நீதிமானாக்கப்பட்டானே, அவன் எந்தப் பட்டியலைக் கொடுத்தான் என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அவன் தேவாலயத்தில் தூரத்தில் தனியே நின்று கடவுளிடம் பேசுகிறான். அடுத்த அதிகாரத்திலேயே சகேயு என்ற இன்னொரு ஆயக்காரன் வருகிறான். அவன் ஊரார் முன்னே எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்றும், அநியாயமாக வாங்கியது நாலு மடங்காகத் திரும்பும் என்றும் கணக்கே சொல்லிவிடுகிறான். ஆட்டுக்குட்டிக்குத் தாவீது விதித்த அதே நாலு மடங்கு! சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் திருப்பித் தர நேரமும் இல்லை, கையும் இல்லை, அவனும் மன்னிக்கப்பட்டான். எனவே ஈடு என்பது மன்னிப்பின் விலை அல்ல. அறிக்கை உண்மையானதா என்பதற்கு, கால அவகாசம் உள்ளவர்களிடம் கேட்கப்படும் சான்று அது.

திருச்சபைகள் இதை ஏட்டில் மறந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து 1517இல் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். திருடியதைத் திருப்பித் தருவதும், அவதூறால் கெட்ட பெயரை மீட்டுத் தருவதும் மன்னிப்பு பெற்ற பிறகும் கடமையே என்று இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல் சொல்கிறது. ஏட்டில் இருப்பது சரி. சபையே ஒரு பெருந்தவற்றில் சிக்கும்போதுதான் சோதனை வருகிறது.

மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை மலிவான கிருபை என்று 1937இல் கண்டித்து எழுதிய ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரை, 1945 ஏப்ரலில் நாஜிகள் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மன் புரொட்டஸ்டன்ட் தலைவர்கள் ஷ்டுட்கார்ட் நகரில் குற்ற அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். அந்தச் சூழலில் அதற்கே துணிச்சல் வேண்டியிருந்தது. தோற்றுப் பசியில் கிடந்த மக்களில் பலர் அதற்காகவே அவர்களைத் திட்டினார்கள். இருந்தும் அந்த அறிக்கை, இன்னும் தைரியமாகச் சாட்சி சொல்லவில்லையே, இன்னும் ஊக்கமாக ஜெபிக்கவில்லையே என்ற ரீதியில் வருந்துகிறது. ஏதோ ஓரளவு செய்துவிட்டு மீதத்துக்கு வருந்துவது போன்ற தொனி. யூதர்கள் என்ற சொல் அதில் இல்லை. அதைச் சொல்லி ஒரு சினாடு, அதாவது திருச்சபைப் பேரவை, குற்றத்தை ஏற்க 1950 வரை, பெர்லின் வைசென்ஸே கூட்டம் வரை ஆயிற்று.

தென்னாப்பிரிக்கா குற்றத்தை ஒப்புக்கொள்வதில் ஒரு படி முன்னே போயிற்று. அங்கே டச்சு சீர்திருத்தச் சபையின் 1857ஆம் ஆண்டு சினாடு, வெள்ளையர் சிலரின் 'பலவீனத்தை' முன்னிட்டு, நிறத்தவர்கள் தனியே கூடி வழிபடலாம் என்று அனுமதித்தது. சலுகையாகத் தொடங்கியது 1881இல் தனிச் சபையானது. பின்னாளில் நிறவெறி அரசுக்கு இறையியல் அடித்தளமும் ஆனது. 1990 நவம்பரில் ருஸ்டன்பர்க்கில் நடந்த சபைகளின் மாநாட்டில் அந்தச் சபையின் இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, நிறவெறியால் விளைந்த அநீதிகளில் தன் சொந்தப் பங்கை முதலிலும், சபையின் பங்கை அடுத்தும் ஒப்புக்கொண்டார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு உடனே எழுந்து மன்னிப்பை அறிவித்தார். எங்கள் சார்பில் மன்னிக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது என்று கறுப்பினப் பிரதிநிதிகள் சிலர் அவரைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்றே படுகிறது. அறிக்கைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதும் அவர்கள் பக்கமே பேசுகிறது: கறுப்பினத்தவருக்காகவும் நிறத்தவருக்காகவும் பிரித்து வைக்கப்பட்ட சபைகள் 1994இல் தங்களுக்குள் இணைந்தன, வெள்ளையர் சபை இன்றும் அந்த ஐக்கியத்துக்கு வெளியேதான் நிற்கிறது.

அதே நாட்டில், நிறவெறி அரசின் சட்டம் ஒழுங்கு அமைச்சராக இருந்த அட்ரியான் ஃப்ளோக் 2006இல் பிரிட்டோரியாவின் அரசு மாளிகைக்குப் போய், போதகர் ஃபிராங்க் சிக்கானேயின் கால்களைக் கழுவினார். 1989இல் சிக்கானேயின் உடைகளில் நஞ்சு தோய்த்து அவரைக் கொல்லப் பார்த்தது ஃப்ளோக்கின் பொறுப்பில் இருந்த காவல் துறை. படம் பிடித்து மாட்ட வேண்டிய காட்சி என்று பலர் உருகினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த ஆண்டு நடந்தது. நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன், அதற்கு முன்பே, திருச்சபை மன்றத்தின் தலைமையகமான கோட்ஸோ ஹவுஸில் நடந்த குண்டுவெடிப்பை ஒப்புக்கொண்டு பொதுமன்னிப்பு பெற்ற அவர், இந்த நஞ்சு விவகாரத்தை அங்கே சொல்லவில்லை. சொல்லாததற்கு மன்னிப்பும் இல்லை. அந்த ஆணையத்தின் விதி வருத்தத்தைக் கேட்கவே இல்லை, முழு உண்மையைத்தான் கேட்டது. வந்த 7,112 விண்ணப்பங்களில் 849 மட்டுமே ஏற்கப்பட்டன. 2007இல் ஃப்ளோக் நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்று, பத்தாண்டு ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை பெற்றார். சமரச ஒப்பந்தத்தின் வழியே முடிந்ததால் சாட்சிகளோடு முழு விசாரணை நடக்காமல் போனது ஒரு குறைதான்.

இவ்வளவுக்கும் எதிராக வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. குற்றவாளி ஒப்புக்கொள்வது இருக்கட்டும், மன்னித்தே ஆக வேண்டும் என்று பாதிக்கப்பட்டவரைத்தானே இந்த மதம் நெருக்குகிறது? அடிபட்ட மனைவியிடமும் போதகரால் சீரழிக்கப்பட்ட பிள்ளையிடமும் ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லும் வசனத்தைக் காட்டியவர்கள் உண்டு. மன்னிக்காதவனுக்கு மன்னிப்பில்லை என்ற கடுமையான வாக்கும் சுவிசேஷத்தில் இருக்கிறது. அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் அதே சுவிசேஷங்கள், தவறு செய்தவனைக் கடிந்துகொள்ளவும், அவன் மனம் வருந்தினால் மன்னிக்கவும் சொல்கின்றன. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பாகவே விட்டுவிட்டு, மனத்தாங்கலோடு இருக்கும் சகோதரனைத் தேடிப் போக வேண்டியவன் தீங்கு செய்தவன். மன்னி என்று கேட்கும் உரிமை அவனுக்குத் தரப்படவில்லை. அவன் சார்பில் சபை அதைக் கேட்டு நெருக்குவதற்கும் எந்த வசனமும் இல்லை. மன்னித்தவர் காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது என்பதற்கோ, எங்கு தேடினாலும் ஆதாரம் கிடைக்காது.

பாட்டன் செய்ததற்குப் பேரன் எப்படி அறிக்கை செய்வான் என்பது மற்றொரு ஆட்சேபம். நெகேமியாவும் தானியேலும் தங்கள் முன்னோரின் பாவத்தைத் தங்களுடையதாக அறிக்கை செய்தவர்கள் என்பது ஒரு பதில். பாட்டன் பிரித்து வைத்ததைப் பேரன் இன்றும் அனுபவிக்கிறான் என்பது அதைவிட நேரடியான பதில். தமிழகத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாதி வேற்றுமையைச் சபையில் உடனே கைவிட வேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டபோது, மற்ற சாதியாரோடு கலந்து உட்கார்ந்து நற்கருணை வாங்க மறுத்து எதிர்த்தவர்கள் சென்னையிலும் தஞ்சையிலும் இருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில், இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம் சாதிப் பாகுபாட்டைக் கொடிய சமூகப் பாவம் என்றது. நல்ல தொடக்கம், ஆனால் இன்னும் ஷ்டுட்கார்ட் அளவில்தான் நிற்கிறது. அடுத்த அறிக்கை பங்கு வாரியாக, சேகர வாரியாக வர வேண்டும்: எந்தக் கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவர் நிற்கிறது, எந்தத் தேர் எந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை, நிர்வாகக் குழுவில் இதுவரை யாருக்கு இடம் கொடுக்கவில்லை என்று. சுவரை இடிக்கும் நாளும், அந்தச் செலவை எந்தக் குடும்பங்கள் ஏற்கும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.