அணைக்குமுன் ஒரு வார்த்தை

இரவு பத்து மணி அடித்ததும் வீட்டுக் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிட வேண்டும் என்று ஒரு சமயம் நமக்குத் தோன்றியது. குழந்தைகள் காலத்தில் உறங்குவார்கள், மின்சாரமும் மிச்சமாகும். விண்டோஸ் யந்திரத்தில் இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டியதில்லை. 'ஷட்டவுன்' என்னும் கட்டளையை ஒரு சிறு ஸ்கிரிப்டில் எழுதி, தினந்தோறும் அதை ஓட்டும்படி ஏற்பாடு செய்துவிட்டால் போதும். அப்படியே செய்தோம். நம்முடைய சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் இரவு. ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா தமது இளம்பிராயத்துக் கதைகளைச் சொல்லச் சொல்ல, நம் பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மணி பத்து அடித்தது. திரை இருண்டது. இரண்டு மணி நேரத்துச் சங்கதிகள், பெயர் கொடுத்துச் சேமிக்கப்படாதவை, போன இடம் தெரியவில்லை. "யாரடா விளக்கை அணைத்தது?" என்று பெரியம்மா கேட்டார். நமக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

குற்றம் யந்திரத்தினுடையதன்று. கட்டளையில் அவகாசம் 0 விநாடி என்று குறித்திருந்தோம். 'எஃப்' என்ற எழுத்தையும் சேர்த்திருந்தோம். அந்த எழுத்துக்குப் பலவந்தம் என்று அர்த்தம். சாதாரணமாக விண்டோஸ் அணையுமுன், திறந்திருக்கும் புரோகிராம்களை எல்லாம் 'சம்மதந்தானா?' என்று விசாரிக்கும். சேமிக்காத வேலையை வைத்திருக்கும் புரோகிராம் 'சற்றுப் பொறு' என்று சொல்லலாம். 'எஃப்' போட்டுவிட்டால் அந்த விசாரணைக்கே இடமில்லை. இதில் ஒரு சூக்ஷ்மமும் உண்டு. 0-க்கு மேல் எவ்வளவு விநாடி அவகாசம் குறித்தாலும், நாம் எழுதாமலேயே 'எஃப்' கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகையால் 60 விநாடி கொடுத்தோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அந்த 60 விநாடிக்குள் திரையில் எச்சரிக்கை தோன்ற வேண்டும்; அதே கட்டளையை 'ஏ' என்ற எழுத்துடன் கொடுத்தால் உத்தரவு ரத்தாகும் என்பதும் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லினக்ஸில் மரியாதை இன்னும் சற்று அதிகம். நேரம் குறிப்பிடாமல் அணைக்கச் சொன்னால் அது ஒரு நிமிஷம் பொறுத்தே ஆரம்பிக்கும். யந்திரத்தில் வேலை செய்வோருக்கெல்லாம் அறிவிப்பும் அனுப்பும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களுக்கு 15-ஆம் எண் சமிக்ஞை போகும். 'மூட்டை முடிச்சைக் கட்டிக்கொள்' என்பது அதன் கருத்து. பெரும்பாலான யந்திரங்களில் இதற்கு 90 விநாடி வரை தவணை உண்டு. அதற்கும் அசையாதவற்றுக்குத்தான் 9-ஆம் எண். அதை மறுக்க எந்தப் புரோகிராமாலும் இயலாது.

இவ்வளவுக்கும் அடியில், யந்திரத்தை உடனே நிறுத்தும் கதவு ஒன்று இருக்கிறது. தவறுதலாக யாரும் தட்டிவிடாதபடி அதற்கு இரண்டு எண்களைப் பூட்டாக வைத்திருக்கிறார்கள். இரண்டாவது எண்ணைப் பதினாறடிமான முறையில் எழுதினால், லினக்ஸை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிறந்த தினமாகிய 28-12-1969 தெரியும்! அவருடைய பெண்களின் பிறந்த தினங்களும் மாற்றுச் சாவிகளாகச் செல்லும். ஆனால் அந்தக் கதவு, நினைவில் நிற்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு மூடும் சிரமத்தை மேற்கொள்வதில்லை. ஆதலால் ஸ்கிரிப்ட் எழுதுவோர் அந்தப் பக்கம் போகாமல், முறையான கட்டளையைக் கேட்டுக்கொள்வதே உத்தமம். அதற்காக ஸ்கிரிப்டுக்குச் சர்வாதிகாரத்தையும் கொடுத்துவிட வேண்டாம். அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் அனுமதி தந்தால் போதும்.

வெளியேயுள்ள சாதனங்களை ஆட்டி வைக்கும்போது ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும். 2012-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்னும் சின்னஞ்சிறு கம்ப்யூட்டரைக் கொண்டு தண்ணீர்ப் பம்பை ஓட்டுவோர் பலர். நடுவில் ஸ்கிரிப்ட் பிழைபட்டு நின்றுவிட்டால் பம்பும் நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. கடைசியாகக் கொடுத்த உத்தரவையே பிடித்துக்கொண்டு அது ஓடலாம். தொட்டி நிரம்பி வழியலாம். பைதான் மொழியில் 'ஃபைனலி' என்றொரு பகுதி உண்டு. பிழை நேர்ந்தாலும் அது நிறைவேறும். பம்பை நிறுத்தும் கட்டளையை அங்கேதான் எழுத வேண்டும். 9-ஆம் எண் வந்தால் அதுவும் பயன்படாது. எனவே சமிக்ஞை இல்லாதபோது பம்பு நின்றிருக்கும்படி ரிலேயின் கம்பிகளை இணைத்து வைப்பது அவசியம்.

இப்போது நம் வீட்டு ஸ்கிரிப்ட் திருந்திவிட்டது. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே, 'அணைக்கலாமா?' என்று கேட்கிறது. யாராவது வேண்டாமென்றால் பேசாமல் போய்விடுகிறது. 'எஃப்' இல்லை.

அடுத்த முறை வந்தபோது பெரியம்மா கதைகளை மறுபடியும் சொன்னார். நம் பெண் பத்து வரிக்கு ஒரு தரம் சேமித்துக்கொண்டாள். ஆனால் வெள்ளத்தில் பரிசல் ஏறி ஆற்றைக் கடந்த கதை மட்டும் இம்முறை வரவில்லை. ஞாபகப்படுத்திக் கேட்டோம். "அப்படியொன்று சொன்னேனா?" என்றார் பெரியம்மா.